கெட்ட வார்த்தையை வீணடிக்காமல் பேசுவது எப்படி?

ராத்திரி விளக்கைப் போடச் சோம்பல்பட்டு இருட்டிலேயே தண்ணீர் குடிக்க எழுந்து போகிறீர்கள், கட்டில் காலில் கால் சுண்டுவிரல் 'நங்'கென்று இடிக்கிறது. எதில் இடித்தோம் என்று புரிவதற்குள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து விழுந்துவிடும். கேட்க யாரும் இல்லை, கட்டிலுக்கோ காது கிடையாது. ஆனாலும் சொன்ன பிறகு கொஞ்சம் தேவலை என்று இருக்கும், இல்லையா? அது பிரமை இல்லை.

2009-ல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீபன்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 67 மாணவர்களை ஐஸ் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். ஒரு தடவை, வலித்தால் வாயில் வருகிற கெட்ட வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இன்னொரு தடவை, மேசையை வர்ணிக்கிற ஏதாவது ஒரு சப்பை வார்த்தை. கெட்ட வார்த்தை சொன்னபோது சராசரியாக 40 வினாடி போலக் கூடுதலாகத் தாக்குப்பிடித்தார்கள், இதயத் துடிப்பும் ஏறியிருந்தது. ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகுமே, அந்த மாதிரி ஒரு முறுக்கேற்றத்தை அந்த வார்த்தை கிளப்பிவிடுகிறது, அதில் வலி கொஞ்சம் மட்டுப்படுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம்.

ஆக, வலிக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் முறை இதுதான்: நிஜமான வார்த்தையாக இருக்கட்டும், வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரு தடவையோடு நிறுத்தாமல் மூச்சோடு சேர்த்து நாலைந்து தடவை சொல்லுங்கள். நாகரிகமாக எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 2020-ல் அதே ஸ்டீபன்ஸ் 'ட்விஸ்பைப்', 'ஃபவுச்' என்று இரண்டு புது வார்த்தைகளைக் கொடுத்துப் பார்த்தார். கேட்டால் சிரிப்பு வருகிறது, வலிக்கு ஒன்றும் செய்யவில்லை. நிஜக் கெட்ட வார்த்தை சொன்னபோதோ, சப்பை வார்த்தை சொன்னபோது இருந்ததைவிட வலி தாங்கும் அளவு 33 சதவீதம் கூடியிருந்தது.

வேலையைச் செய்வது ஒலி இல்லை, அந்த வார்த்தையின் மேல் இருக்கும் தடைதான் காரணமாக இருக்கலாம் என்பது ஓர் ஊகம். சின்ன வயதில் அந்த வார்த்தையைச் சொல்லி வாங்கிய அடி, அதைக் கேட்டதும் பெரியவர்கள் முகம் மாறிய விதம், எல்லாம் சேர்ந்து அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அதனால் உங்களுக்கு எந்த வார்த்தை வேலை செய்யும் என்பதை உங்கள் வளர்ப்புதான் முடிவு செய்யும். 'சனியன்' என்றாலே முதுகில் ஒன்று விழுகிற வீட்டில் வளர்ந்தவருக்கு அதுவே போதும். 'கருமம்', 'எழவு' எல்லாம் காலை வணக்கம் மாதிரிப் புழங்கும் வீட்டில் வளர்ந்தவர் கொஞ்சம் கீழே இறங்கித்தான் தேட வேண்டும்.

இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். தினமும் கணக்கில்லாமல் திட்டுகிறவர்களுக்கு இந்த வலி நிவாரணம் குறைவாகவே கிடைக்கிறது என்று அதே குழுவின் 2011 ஆய்வில் தெரிந்தது. என் கதையே இதற்குச் சாட்சி. பாட்டில் மூடி திறக்கவில்லை என்றாலும் திட்டு, சார்ஜர் வயர் சிக்கிக்கொண்டாலும் திட்டு என்று இருந்த காலம் எனக்கு ஒன்று உண்டு. அப்புறம் ஒரு ராத்திரி கடைவாய்ப்பல் வலி வந்தது பாருங்கள், தாடையைப் பிடித்துக்கொண்டு தெரிந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றுமே ஏறவில்லை. எல்லாம் பாட்டில் மூடிக்கே செலவாகியிருந்தது. சில்லறைக் கடுப்புக்கு 'சே' போதும், பெரியதைப் பெரிய வலிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கோபத்துக்கு? இது வேறு சங்கதி, நிதானமாகப் பார்க்க வேண்டும். 'உள்ளே வைத்துப் புழுங்காதே, நாலு வார்த்தை நல்லாக் கேட்டுவிடு, மனசு ஆறிடும்' என்று சொல்லாதவர்கள் கிடையாது. அமெரிக்காவில் பிராட் புஷ்மன் என்பவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், தங்களை மட்டம் தட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப் பையைக் குத்தியவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடுதான் இருந்தார்கள். அதில் குத்தியது கையால்தான், வாயால் இல்லை. ஆனால் ஒருவரை மனதில் நிறுத்திக்கொண்டு வசைபாடும்போதும் இதேதான் நடக்கிறது என்பது என் அனுபவம். முதல் வார்த்தை இரண்டாவதைக் கூப்பிடும், அது அவர் போன வருஷம் செய்ததை ஞாபகப்படுத்தும், பத்து நிமிஷத்தில் ஆரம்பித்த இடத்தைவிடச் சூடாக நிற்போம். அதனால் திட்டு நிகழ்ச்சியின் மேல் போகட்டும், ஆள் மேல் வேண்டாம். வித்தியாசம் கண்டுபிடிக்கச் சுலபமான வழி, வாக்கியத்தில் 'நீ', 'உன்', 'அவன்', 'அவள்' இருக்கிறதா என்று பார்ப்பது. வார்த்தை தனியாக விழுந்தால் அது ஒரு கூச்சல், அவ்வளவுதான். பக்கத்தில் 'உன்' ஒட்டிக்கொண்ட நிமிஷமே அது கல்லாகிவிடுகிறது. தவிர, புழக்கத்தில் இருக்கும் வசவுகளில் கணிசமானவை யாரோ ஒருவருடைய அம்மாவையோ, பிறப்பையோ, உடல் குறையையோதான் இழுக்கின்றன. ஹார்டு டிஸ்க் செத்துப்போனதற்கு சம்பந்தமே இல்லாத ஒரு பெண் ஏன் திட்டு வாங்க வேண்டும்? அந்த வகையைக் கழித்துவிட்டு மிச்சத்தில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் திட்டுவதற்கு இன்னொரு பயன் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு சோப்புத் தொழிற்சாலையில் ஒரே அணியில் வேலை பார்த்தவர்களின் பேச்சைப் பதிவுசெய்து மொழியியலாளர்கள் 2004-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆங்கிலத்தின் அந்தப் பிரபல எஃப் வார்த்தை அவர்களுக்குள் வசவாக இல்லாமல் 'நாமெல்லாம் ஒண்ணு' என்பதற்கான அடையாளமாகப் புழங்கியதைக் காட்டினார்கள். நெருங்கிய சிநேகிதன் நம்மை மரியாதையாகக் கூப்பிட்டால் வயிற்றில் புளியைக் கரைக்குமே, அதே கணக்கு. புதுக் கூட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்வது: முதலில் நீங்கள் ஆரம்பிக்காதீர்கள், அவர்கள் எவ்வளவு திட்டுகிறார்களோ அதைவிட ஒரு படி குறைவாகவே நிறுத்திக்கொள்ளுங்கள், உங்களுக்குக் கீழே வேலை பார்க்கிறவரிடம் வேடிக்கைக்குக்கூட வேண்டாம். அவரால் திருப்பிச் சொல்ல முடியாது.

மொழியையும் கவனியுங்கள். பல மொழி பேசுகிறவர்களை ஆராய்ந்த ஷான்-மார்க் டேவேல் போன்றவர்கள் கண்டது, தாய்மொழி வசவுதான் பெரும்பாலோருக்குக் கனமாகப் படுகிறது என்பது. அதனால்தான் தமிழில் நாக்கு எழாத வார்த்தைக்கு ஆங்கிலத்தில் நிகரானதை மீட்டிங்கில்கூடச் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நமக்குத்தான் அது லேசு. எதிரே இருப்பவர் அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றால் முழு எடையும் அவர் தலையில் இறங்கும்.

நாக்கைக் கடித்தும் அடங்காமல் வந்துவிட்டதே என்று கூசிப்போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்த வார்த்தைகள் மூளையில் மற்றப் பேச்சு இருக்கும் இடத்தை மட்டுமே நம்பி இருப்பதில்லை. பக்கவாதத்தில் பேச்சு போன சிலரால் ஒரு வாக்கியம் சேர்க்க முடியாது, வசவு மட்டும் தெளிவாக வரும். பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் 1866-ல் அப்படித்தான் ஆனார். அவ்வளவு பெரிய சொல்வளத்தில் அவரிடம் தங்கியது 'க்ரே நோம்' என்று கடவுள் பெயரை இழுக்கும் ஒரே ஒரு வசவு. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அதையே சொன்னார், கவனித்துக்கொண்ட கன்னியாஸ்திரீகள் அரண்டுபோனார்கள்.

சாட்டில் திட்டாதீர்கள். குரல் போய்விடும், ஸ்கிரீன்ஷாட் இருக்கும்.

குழந்தை இருக்கும் வீடு என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. நீங்கள் எப்போதோ சொன்னதை மூன்று வயதுப் பிள்ளை பிடித்து வைத்திருந்து, கட்டிய பிளாக்ஸ் சரிந்த நொடியில் கச்சிதமாக, சரியான அழுத்தத்தோடு சொல்லும். அந்த நேரத்தில் சிரிக்கவும் கூடாது, 'ஐயையோ' என்று வாயைப் பொத்தவும் கூடாது. உங்கள் முகத்தைத்தான் அது பார்த்துக்கொண்டிருக்கிறது. 'அடடா, விழுந்துடுச்சா' என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு பிளாக்ஸைப் பொறுக்க உட்காருங்கள்.