மாசியில் தொடங்கும் தோட்டம்: நீலகிரி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

சமவெளியில் உள்ளவர்கள் பங்குனி வெயிலுக்கு அஞ்சிச் செடிகளுக்கு நிழல்வலை கட்டும் நாட்களில்தான் நீலகிரியில் நாங்கள் மண்வெட்டியைக் கையில் எடுக்கிறோம். நவம்பர் தொடங்கிக் கருகிக் கிடந்த புல் பச்சை கட்டுகிறது. பிளம்ஸ், பீச் மரங்கள் இலை விடும் முன்பே பூத்து நிற்கின்றன. குன்னூர்ப் பக்கம் ஜகரண்டா மரங்கள் ஊதாவாகின்றன. ஆண்டு முழுவதும் காத்திருந்து கிடைக்கும் இந்தச் சில வாரங்களில் வீட்டைச் சுற்றியுள்ள இரண்டு சென்ட் நிலத்தை எப்படி ஆயத்தம் செய்வது, எதை எப்போது விதைப்பது, எங்கே மனம் நோகும் என்பதை, சரிவில் படிமட்டமாக வெட்டிய மூன்று பாத்திகளில் பல ஆண்டுகள் பயிர் செய்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

விதைக்கும் நாளை நண்பகல் வெயிலை வைத்து முடிவு செய்வதே இங்கு பெரும்பாலோர் செய்யும் பிழை. மாசியில் பகல் பன்னிரண்டு மணிக்குச் சட்டை நனைய வியர்க்கும். அதே நாளின் விடியற்காலையில் புல் நுனியில் வெண்பனி உறைந்திருக்கும். மேகமில்லாத, காற்றசையாத இரவுகளில் நிலம் பகலில் வாங்கிய வெப்பம் முழுவதும் வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி கடுமையாக இருப்பதும், சற்று மேலே உள்ள வீடுகள் அதே இரவில் தப்பிவிடுவதும் இதனால்தான். நான் தோட்டம் போடத் தொடங்கிய ஆண்டில், மண் ஆழமாக இருக்கிறது என்று கீழ்ப்பாத்தியில் பீன்ஸ் ஊன்றினேன். பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டி வேலியருகே நின்று, “பனி கீழேதான் வந்து உட்காரும், மேல்பாத்தியில் போடு” என்று சொன்னார். நான் கேட்கவில்லை. பிப்ரவரி கடைசி வாரத்தில் ஒரே இரவில் அந்த இளஞ்செடிகள் அனைத்தும் வெந்நீர் ஊற்றியவை போலத் துவண்டு, மாலைக்குள் கறுத்துவிட்டன.

ஆகவே முதல் வேலை, உங்கள் நிலத்தில் பனி எங்கே தங்குகிறது என்று பார்ப்பதுதான். தெளிவான வானமுள்ள நான்கைந்து விடியற்காலைகளில் வெயில் ஏறும் முன் தோட்டத்தைச் சுற்றி வந்தாலே போதும். வெண்மை படியும் இடத்தில் பங்குனி நடுப்பகுதிவரை பீன்ஸ், தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை வைக்க வேண்டாம். பட்டாணி, முட்டைக்கோஸ், நூல்கோல், முள்ளங்கி, கேரட் ஆகியவை இளம்பருவத்தில் இலேசான பனியைத் தாங்கும். பட்டாணியின் இலை தாங்கினாலும் பூவும் பிஞ்சும் தாங்கா. எனவே பூக்கும் காலம் பனி முடிந்த பின் வருமாறு கணக்கிட்டு மாசியில் விதைப்பது நல்லது. முன்கூட்டியே நட்டுவிட்ட செடிகளைக் காப்பாற்ற, உதகை அரசு தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் அலங்காரச் செடிகளை மூடுவதுபோல் கோத்தகிரி மிலார் என்ற செடியின் கொத்துகளையோ, கிடைக்காவிட்டால் பழைய சாக்கையோ குச்சி நட்டு மாலையில் மேலே போர்த்தி, காலையில் எடுத்துவிட வேண்டும். போர்வை இலையைத் தொடக்கூடாது. தொட்டால் தொட்ட இடம் கருகும். மூடாத செடியில் பனி படிந்துவிட்டால், வெயில் படும் முன்னரே பூவாளியால் தண்ணீர் தெளித்துக் கரைத்துவிடுங்கள்.

இனி மண். நீலகிரி மண் பார்வைக்குக் கறுப்பாக, தளதளவென்று இருந்தாலும் மழையில் சுண்ணாம்புச் சத்து கரைந்து போனதால் புளிப்பு மிக்கது. பல இடங்களில் கார அமில நிலை 4.5 முதல் 5.5 வரைதான் இருக்கும். தேயிலைக்கு அது ஏற்றது. கோஸுக்கும் பீட்ரூட்டுக்கும் ஏற்றதன்று. இதைக் கண்ணாலேயே காட்டித் தரும் செடி ஒன்று நம் வீடுகள்தோறும் நிற்கிறது. ஹைட்ரேஞ்சியா புளிப்பு மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகப் பூக்கும். புளிப்பு குறைந்த மண்ணில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். என் வீட்டுச் சுவரை ஒட்டி, சிமெண்ட்டும் சுண்ணாம்பும் மழையில் கரைந்து இறங்கும் இடத்தில் நிற்கும் செடி வெளிறிய இளஞ்சிவப்பாகவும், அதே செடியிலிருந்து போத்து வெட்டி மூன்றடி தள்ளி நட்டது ஆழ்ந்த நீலமாகவும் பூக்கின்றன. நடுவில் உள்ள கிளை ஒன்றில் ஒரே கொத்தில் இரு நிறமும் கலந்திருப்பதைக் காண ஒவ்வோர் ஆண்டும் காத்திருக்கிறேன். உங்கள் ஹைட்ரேஞ்சியா நல்ல நீலமாகப் பூக்கிறதென்றால் காய்கறிப் பாத்திக்குச் சுண்ணாம்பு தேவை என்று தயங்காமல் கொள்ளலாம். ஆயினும் அளவைத் துல்லியமாக அறிய மண் பரிசோதனை செய்துகொள்வதே சிறந்தது.

பரிசோதனை செய்ய இயலாதவர்கள் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் டோலமைட் தூளைத் தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, ஈரமாக வைத்திருக்கலாம். டோலமைட்டில் சுண்ணாம்புடன் மக்னீசியமும் இருப்பதால் இங்குள்ள மண்ணுக்கு அது பொருத்தமானது. சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் போடாதீர்கள். தழைச்சத்து அம்மோனியாவாகி ஆவியாகிவிடும். சுண்ணாம்பு இட்டு மூன்று வாரம் கழித்து நன்கு மட்கிய தொழுவுரத்தைச் சேர்க்க வேண்டும். ஆகவே பங்குனியில் நடப் போகிறவர் மாசித் தொடக்கத்திலேயே சுண்ணாம்பு இட்டிருக்க வேண்டும். உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் புதிதாகச் சுண்ணாம்பு வேண்டாம். கிழங்கின் தோலில் சொறி விழும்.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காகவே எடுங்கள். சரிவின் வாக்கிலேயே எடுத்தால் தண்ணீர் விடுவது எளிது என்று தோன்றும். சித்திரையில் முதல் கனமழை பெய்ததும் மேல்மண் முழுவதும் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விடும்.

கேரட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டுத் தோட்டத்தில் அதிகம் ஏமாற்றுவதும் அதிகம் மகிழ்விப்பதும் அதுதான். நாற்று விட்டுப் பிடுங்கி நடக்கூடாது. நேரடியாகவே விதைக்க வேண்டும். கல், கட்டி, மட்காத சாணம் ஆகிய மூன்றும் இருந்தால் வேர் இரண்டாகவும் மூன்றாகவும் பிளந்துகொள்ளும். சல்லடையில் சலித்ததுபோல் மண்ணைப் பொடியாக்கி, விதையை நான்கு பங்கு மணலுடன் கலந்து, ஒரு செண்டிமீட்டர் ஆழக் கீற்றில் தூவி மூடுங்கள். முளைக்க இரண்டு வாரம்கூட ஆகலாம். அந்த இரண்டு வாரமும் மேல்மண் ஒரு நாள்கூடக் காயக்கூடாது. பங்குனிக் காற்றில் அது அரைநாளில் காய்ந்துவிடும். எனவே நனைத்த சாக்கை விரித்து, அதன் மேலேயே காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வாருங்கள். எட்டாம் நாளிலிருந்து தினமும் சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வளைந்த வெள்ளை நூல்போல் முளை தெரிந்த அன்று மாலையே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் முளைகள் சாக்கின் இழைகளுக்குள் புகுந்து அதனுடனேயே பிய்ந்து வரும். மூன்று அங்குலம் வளர்ந்தபின் செடிக்குச் செடி ஐந்து செண்டிமீட்டர் இருக்குமாறு கலைத்துவிடுங்கள். ஆசை ஆசையாக முளைக்க வைத்ததைப் பிடுங்கி எறிவது கடினம்தான். ஆனால் கலைக்காத பாத்தியில் விரல் பருமனுக்கு மேல் ஒரு கேரட்டும் கிடைக்காது.

வெங்காயம் பற்றி ஒரு எச்சரிக்கை. குளிர்நாட்டு விதைப் பொட்டலங்களை வாங்கி, நம் ஊரும் குளிர்தானே என்று விதைப்பவர்கள் உண்டு. அந்த வகைகள் பலவும் பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீண்டால்தான் குமிழ் பிடிக்கும். நீலகிரி நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 11 பாகை வடக்கேதான் இருக்கிறது; ஆனி மாதத்திலும் இங்குப் பகல் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. தாள் மட்டும் செழித்து வளரும், அடியில் ஒன்றும் இராது. 1819-இல் கோத்தகிரிப் பக்கம் வந்து குடியேறிய கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் காலத்திலிருந்து ஐரோப்பியக் காய்கறிகள் இம்மலையில் விளைகின்றன என்றாலும், ஐரோப்பியப் பருவக் கணக்கு இங்கு அப்படியே பொருந்துவதில்லை. இங்கு உழவர்கள் பின்பற்றும் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்ற கணக்கே வீட்டுத் தோட்டத்துக்கும் சரியான வழிகாட்டி. தண்ணீர் விட்டு வளர்ப்பது நீர்போகம். கோடை மழையை நம்பிப் பங்குனி, சித்திரையில் போடுவது கார்போகம். அதன் பின் ஆண்டின் கடைசியாகப் போடுவது கடைபோகம்.

உருளைக்கிழங்கை ஒரே பாத்தியில் ஆண்டுதோறும் போடக்கூடாது. 1961-இல் இம்மலையில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு இன்னும் மண்ணில் இருக்கிறது. கடுகளவுகூட இல்லாத அதன் கூடுகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். அதைத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா, குஃப்ரி சஹ்யாத்ரி போன்ற இரகங்கள் கிடைத்தால் அவற்றையே நடுங்கள்; கடையில் சமையலுக்கு வாங்கிய கிழங்கை வெட்டி ஊன்றாதீர்கள்.

கோஸ் நாற்று நட்ட மறுநாள் காலை, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று கத்தியால் அறுத்ததுபோல் தரையோடு துண்டாகிக் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். இது வெட்டுப்புழுவின் வேலை. மருந்து தேடி ஓடும் முன் அறுபட்ட தண்டைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண்ணை விரலால் மெல்லக் கிளறுங்கள். ஓர் அங்குல ஆழத்தில், மண்ணின் நிறத்திலேயே, வளையம்போல் சுருண்டு அது படுத்திருக்கும். அன்றே எடுத்துவிட்டால் அடுத்த நாற்று பிழைக்கும். எடுக்காவிட்டால் வரிசையாக ஒவ்வோர் இரவும் ஒன்று போகும். இனி நடும் நாற்றுகளுக்கு அடிப்பாகத்தை வெட்டிய காகிதக் கோப்பையைக் கழுத்துப்பட்டை போலப் பாதி மண்ணில் புதைத்து வையுங்கள். இலையில் சல்லடைத் துளை போடும் வைரமுதுகுப் பூச்சிக்குப் பாத்தியைச் சுற்றிக் கடுகு விதைப்பது பயன் தரும். பூச்சி கடுகை விரும்பிப் போகும். மீறி வந்தால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது காதி சோப்பு கலந்து மாலையில் தெளிக்கலாம்.

பூச்சியைவிடப் பெரிய விருந்தாளிகளும் உண்டு. காட்டெருமை, காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, குரங்கு என இரவும் பகலும் யாராவது வருவார்கள். போன சித்திரையில் பீன்ஸ் முதல் பறிப்புக்கு இரண்டு நாள் இருக்கையில் காட்டெருமை ஒன்று மூன்று பாத்திகளின் வழியாகவும் இறங்கிச் சென்றது. அது தின்றதைவிட மிதித்தது அதிகம். குளம்புக் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்க, கொடிகள் குச்சிகளோடு சாய்ந்து கிடந்தன. அன்று எனக்குத் தோட்டமே வேண்டாம் என்று தோன்றியது உண்மை. ஆனால் விலங்கின் வழித்தடத்தில் பாத்தி எடுத்தது என் தவறு. அவை பெரும்பாலும் பழகிய பாதையிலேயே நடக்கும். அந்தப் பாதையைத் திறந்து விட்டுவிட்டு, பாத்தியை வீட்டுச் சுவருக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் அருகே கொண்டுவந்தபின் சேதம் வெகுவாகக் குறைந்தது. வீட்டு மின்சாரத்தை நேரடியாகப் பாய்ச்சும் மின்வேலியை நினைத்தும் பார்க்க வேண்டாம். அது சட்டப்படி குற்றம், உயிர்ப்பலி வாங்கக் கூடியது. எருமை நின்றால் கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சித்திரையில் கோடை மழை தொடங்கியதும் மண்வாசனையோடு பாத்தி ஒரே வாரத்தில் உருமாறும். சில நாட்களில் ஆலங்கட்டியும் விழும். கிழிந்த கோஸ் இலைகளை அகற்ற வேண்டாம், குருத்து பிழைத்திருந்தால் செடி தேறிவிடும். மூடுபனியும் தூறலும் சேர்ந்து நான்கைந்து நாள் நீடித்தால் உருளைக்கும் தக்காளிக்கும் இலைக்கருகல் வரும். அதற்கு முன்னரே ஒரு சதவீத போர்டோ கலவை தெளிப்பது நல்லது. 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை நீர்த்து அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளியையே பயன்படுத்துங்கள். துலக்கிய இரும்புக் கத்தியைச் சற்று நேரம் அமிழ்த்தி எடுத்தால் செம்பு நிறம் படியக்கூடாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

குந்தா, அவலாஞ்சிப் பக்கம் உள்ளவர்கள் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கும் முன் பறிப்பை முடித்துக்கொள்ளுமாறு விதைப்பை முன்தள்ளுங்கள். அந்த மழை குறைவாகப் பெறும் கோத்தகிரிப் பக்கத்தினருக்கு அவ்வளவு அவசரம் இல்லை. பட்டாணியைக் காய் உருண்டதும் காலையில் பறித்து அங்கேயே உரித்துத் தின்று பாருங்கள். பறித்த சில மணி நேரத்திலேயே அந்த இனிப்பு மாவாக மாறத் தொடங்கிவிடும். பங்குனியில் விதைத்த கேரட் நூறு நாள் கடந்ததும் தோள்பட்டை போல மண்ணுக்கு மேல் தலை காட்டும். முதல் நாள் மாலை நன்கு தண்ணீர் விட்டு, மறுநாள் காலை தாளை அடியோடு சேர்த்துப் பிடித்து, சற்றுத் திருகி நேராக இழுங்கள். பெருத்தவற்றை மட்டும் எடுத்து, அருகிலிருப்பவற்றின் தோளில் மண்ணை அணைத்துவிட்டால் மீதம் இன்னும் இரண்டு வாரம் பாத்தியிலேயே நிற்கும்.