விழித்திரைச் செல்களுக்குப் பெயர் வைக்கும் முன்

விழித்திரையின் ஒற்றைச் செல் ஆர்என்ஏ தரவை, அதாவது ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுவின் ஆர்என்ஏ எவ்வளவு என்று எண்ணிய அட்டவணையை, முதன்முதலாகத் திறக்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: குச்சிச் செல்லைக் கண்டுபிடிப்பது எளிது. மற்ற எல்லாச் செல்களின் மேலும் அது பூசிவிட்ட தடத்தைக் களைவதுதான் வேலை. இதைச் செய்யாமல், எந்தச் செல் எந்த வகை என்று பெயர் வைக்க உட்கார்ந்தால் பாதிப் பெயர்கள் தவறும்.

பழகுவதற்கு 2015இல் மகோஸ்கோவும் மெக்கரோலும் அவர்களது குழுவினரும் வெளியிட்ட சுண்டெலித் தரவை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுத் தளத்தில் ஜிஎஸ்இ63473 என்ற எண்ணில் கிடைக்கிறது. நுண்ணிய துளிக்கு ஒரு செல் என்று பிடித்து, 44,808 செல்களை, ஒத்த மரபணுச் செயல்பாடு உள்ளவை ஒன்றுசேரும்படி 39 கொத்துகளாகப் பிரித்தார்கள். சுண்டெலி விழித்திரையில் ஏறத்தாழ எண்பது சதவீதம் குச்சிச் செல்கள். மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் கேங்லியன் செல்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. இனி வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஏற்றத்தாழ்விலிருந்து பிறப்பவை.

திசுவைப் பப்பாயின் நொதியில் ஊறவைத்துச் செல்களைப் பிரிக்கும்போது கணிசமான குச்சிச் செல்கள் உடைகின்றன. அவற்றின் ஒளியுணர் புரதமான ரோடாப்சினின் ஆர்என்ஏ திரவத்தில் மிதந்து ஒவ்வொரு துளிக்குள்ளும் புகுகிறது. அதனால் உள்ளடுக்கு நரம்புச் செல்லான அமக்ரைனிலும் ரோடாப்சின் தெரியும், ரத்தக்குழாய்ச் செல்லிலும் தெரியும். அளந்து பார்க்க ஒரு வழி உண்டு. செல் எதுவும் இல்லாத வெற்றுத் துளிகளை மட்டும் கூட்டி, எந்த மரபணு முன்னிலையில் நிற்கிறது என்று பாருங்கள். ரோடாப்சின் முன்வரிசையில் இருக்கும். சூப்எக்ஸ், செல்பெண்டர் போன்ற மென்பொருள்கள் இந்த வெற்றுத் துளிகளை வைத்துத்தான் மாசின் அளவைக் கணிக்கின்றன. ஆகவே வெற்றுத் துளிகளும் உள்ள வடிகட்டாத அட்டவணையை இடம் போதவில்லை என்று அழித்துவிடாதீர்கள். சூப்எக்ஸிடம் 'இந்த மரபணு இந்தச் செல்லில் இருக்கவே கூடாது' என்று ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் ரோடாப்சினையும் அமக்ரைன் கொத்தையும் தருவேன். நரம்புத் திசுவின் நோயெதிர்ப்புச் செல்லான மைக்ரோகிளியாவைத் தர மாட்டேன். நோயுற்ற விழித்திரையில் அது குச்சிச் செல்களை விழுங்கும் செல். அதற்குள் தெரியும் ரோடாப்சின் எங்கிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அடுத்தது தரக்கட்டுப்பாடு. 'ஒரு செல்லில் இத்தனை மரபணுவுக்குக் குறைந்தால் தள்ளு' என்று எல்லாவற்றுக்கும் ஒரே வரம்பு வைக்கும் பழக்கம் இங்கே உதவாது. குச்சிச் செல் மிகச் சிறியது, அதில் தெரியும் மரபணுக்களும் குறைவு. கேங்லியன் செல் பெரியது, ஆயிரக்கணக்கில் தெரியும். கீழ்வரம்பைக் கூட்டினால் நல்ல குச்சிச் செல்கள் போகும். ஒரே துளியில் இரண்டாக மாட்டிய இரட்டைச் செல்களுக்குப் பயந்து மேல்வரம்பை இறக்கினால், தேடி வந்த கேங்லியன் செல்களே போகும். சிதைந்த செல்களைத் தள்ள வைக்கும் மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏ சதவீத வரம்பும் அப்படித்தான். ஒளியுணர் செல்களான குச்சி, கூம்பு இரண்டின் உட்பகுதியிலும் மைட்டோகாண்ட்ரியா அடர்ந்திருக்கிறது. ரத்தச் செல் தரவில் பார்த்த ஐந்து சதவீதத்தை இங்கே அப்படியே கொண்டுவந்து போட்டால் கூம்புச் செல்களை இழக்க நேரும். முதலில் தளர்வாக வடிகட்டி, பெருவகைகளாகப் பிரித்து, பிறகு வகைக்கு வகை வரம்பு வையுங்கள். உறைய வைத்த திசுவிலிருந்து உட்கருவை மட்டும் எடுத்திருந்தால் கணக்கு வேறு. அங்கே மைட்டோகாண்ட்ரியா ஆர்என்ஏ ஏறக்குறைய இருக்கவே கூடாது.

இப்போது பெருவகைகளும் அவற்றை அடையாளம் காட்டும் மரபணுக்களும். குச்சிக்கு ரோடாப்சினை நம்ப முடியாததால் என்ஆர்எல், என்ஆர்2இ3 இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கூம்புக்கு ஏஆர்ஆர்3, ஜிஎன்ஏடி2. கிடைமட்டச் செல்லுக்கு ஒன்கட்1, எல்எச்எக்ஸ்1. இருமுனைச் செல்லுக்கு விஎஸ்எக்ஸ்2, அமக்ரைனுக்கு டிஎஃப்ஏபி2ஏ, கேங்லியனுக்கு ஆர்பிபிஎம்எஸ், எஸ்எல்சி17ஏ6. நரம்புச் செல்களைத் தாங்கும் முல்லர் செல்லுக்கு ஆர்எல்பிபி1, ஜிஎல்யுஎல். மைக்ரோகிளியாவுக்கு சி1க்யூஏ, ரத்தக்குழாய்க்கு சிஎல்டிஎன்5.

இந்தப் பட்டியலை அப்படியே நம்புகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் எனக்குப் பழக்கம். விஎஸ்எக்ஸ்2 முல்லர் செல்லிலும் வரும். ஓடிஎக்ஸ்2 ஒளியுணர் செல்லிலும் இருமுனைச் செல்லிலும் வரும். பாக்ஸ்6 அமக்ரைன், கிடைமட்டம், கேங்லியன் மூன்றிலும் வரும். எனவே எந்தக் கொத்துக்கும் இரண்டு மூன்று மரபணுக்கள் இருப்பதையும், பக்கத்து வகையின் மரபணு இல்லாததையும் ஒன்றாகக் காட்டினால்தான் நான் பெயரை ஏற்பேன். ஒத்த செல்களைப் பக்கத்தில் வைத்து வரையும், வண்ணப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் யூமேப் படத்தைவிட, கொத்துகளை வரிசையிலும் மரபணுக்களை நிரலிலும் போட்ட புள்ளி வரைபடத்தைத்தான் முதலில் திறப்பேன். இல்லாமை அதில்தான் கண்ணில் படும்.

ஒரு கொத்தைக் கிட்டே போய்ப் பார்ப்போம். ஐஎஸ்எல்1 பலமாக இருக்கிறது, பாக்ஸ்6 இருக்கிறது. கேங்லியன் என்று எழுதக் கை போகும். பொறுங்கள். ஆர்பிபிஎம்எஸ் இல்லை, எஸ்எல்சி17ஏ6 இல்லை. ஆனால் ஜிஏடி1 இருக்கிறது, கூடவே சிஎச்ஏடி, எஸ்எல்சி18ஏ3, எஸ்எல்சி5ஏ7. அசிட்டைல்கோலின், காபா என்ற இரண்டு நரம்புச் செய்திப் பொருள்களையும் வெளியிடும் நட்சத்திர அமக்ரைன் செல் இது. அசைவு எந்தத் திசையில் போகிறது என்று கண் உணர்வதற்கு அடிப்படையான செல்.

இன்னொரு கொத்தில் ரோடாப்சின், என்ஆர்எல், பிஆர்கேசிஏ, டிஆர்பிஎம்1 நான்கும் பலமாகத் தெரிகின்றன. குச்சிச் செல்லும் அதோடு இணையும் இருமுனைச் செல்லும் ஒரே துளியில் மாட்டிக்கொண்டவை இவை. தனக்கென்று ஒரு மரபணுவும் இல்லாமல், இரண்டு வகைகளின் கூட்டுத்தொகையாக மட்டும் நிற்பது இரட்டைச் செல்லின் அடையாளம். ஸ்க்ரப்லெட், டப்லெட்ஃபைண்டர் என்ற மென்பொருள்கள் இவற்றில் பலவற்றைப் பிடிக்கும். மிச்சத்தை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

பெருவகை முடிந்ததும் ஒவ்வொன்றையும் தனியே பிரித்தெடுத்து, மாறுபடும் மரபணுக்களைப் புதிதாகத் தேர்ந்து, மறுபடி கொத்தாக்குங்கள். சுண்டெலியில் இருமுனைச் செல் 15 வகை என்று 2016இலும், கேங்லியன் 46 வகை என்று 2019இலும், அமக்ரைன் 63 வகை என்று 2020இலும் ஆய்வுகள் சொல்லின. முழு விழித்திரையிலிருந்து சில ஆயிரம் செல்கள் எடுத்துக்கொண்டு 46 வகையைத் தேடாதீர்கள், கிடைக்காது. சிடி73 எதிர்ப்பொருளால் குச்சிச் செல்களை நீக்கியோ, சிடி90 எதிர்ப்பொருளால் கேங்லியன் செல்களைச் சேர்த்தோ ஆய்வகத்திலேயே செறிவூட்டிவிட வேண்டும்.

இப்படிக் கிடைக்கும் நுண்வகைகளில் போலிகள் அதிகம். ஒரே ஒரு எலியிலிருந்து மட்டும் வரும் கொத்து வகை அல்ல. எக்ஸ்ஐஎஸ்டி மரபணுவால் பிரிந்த இரண்டு கொத்துகள் பெரும்பாலும் ஆணும் பெண்ணும்தான். ஃபாஸ், ஜூன் மரபணுக்கள் ஏறியிருந்தால் செல்லைப் பிரித்தெடுத்தபோது உண்டான அதிர்ச்சியைச் சந்தேகியுங்கள். குரங்கு, மனிதத் தரவுக்குப் போகும்போது பெருவகை மரபணுக்கள் பெரும்பாலும் கைகொடுக்கும். கேங்லியன் நுண்வகைகளுக்கான எலிப் பட்டியல் கைகொடுக்காது. மனிதரின் கேங்லியன் செல்களில் பெரும்பான்மையாக இருப்பவை மிட்ஜெட் என்ற வகை.

இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019 ஆய்வில் பார்வை நரம்பை நசுக்கிய பிறகு, 46 வகைகளில் சில ஏறக்குறைய முழுதும் அழிந்தன, சில பெரும்பாலும் பிழைத்தன. கேங்லியன் செல்களை அழிக்கும் கிளாக்கோமா நோயில் எதைக் காப்பாற்ற வேண்டும் என்று தேடுகிற ஒருவர் நம் பெயர்ப் பட்டியலை நம்பித்தான் அடுத்த வேலையைத் தொடங்குவார்.

கடைசியில் திசு வெட்டில் சரிபாருங்கள். இரண்டு மரபணுக்களுக்கு ஒளிரும் ஆர்என்ஏ சாயம் ஏற்றி, இரண்டும் ஒரே செல்லில் சேர்ந்து ஒளிர்கின்றனவா என்று பார்ப்பது போதும். இடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். சுண்டெலியின் கேங்லியன் அடுக்கில் இருக்கும் நரம்புச் செல்களில் பாதிக்கு மேல் அமக்ரைன். 2016 ஆய்வில் ஒரு வகை, மரபணுக்களின்படி இருமுனைச் செல். மேலே நீளும் கிளையோ அதற்கு இல்லை. பிறந்த புதிதில் இருந்த கிளையை வளரும்போது அது உள்ளிழுத்துக்கொள்கிறது. திசுவில் தேடிப் பார்த்ததால்தான் அந்த வடிவம் தெரியவந்தது. சாயம் ஏற்றிப் பார்க்காத கொத்துகளை உங்கள் கோப்பில் எண்ணாகவே விடுங்கள். எந்த மரபணுக்கள் இருந்தன, எவை இல்லை என்பதைப் பக்கத்து நிரலில் எழுதிவையுங்கள்.