சிலி என்று எழுதியிருந்தால் எந்தச் சிலி? அமெரிக்காவுக்குப் புதிதாக வரும் நம்மவர்களுக்கு

அமெரிக்கா வந்த முதல் வாரத்தில் வாங்கியே ஆக வேண்டிய பொருள்களில் ஒன்று மிளகாய்த்தூள். இந்தியக் கடை தூரத்தில் இருக்கும். கார் இன்னும் வாங்கியிருக்க மாட்டீர்கள். நடக்கும் தூரத்தில் வால்மார்ட்டோ குரோகரோ இருக்கும். மசாலா வரிசையில் 'சிலி பவுடர்' என்று எழுதிய புட்டி கண்ணில் படும். அதைப் போட்டுச் சாம்பார் வைத்தால் சீரகமும் பூண்டும் தூக்கலாக மணக்கும். ஓரிகானோ என்ற இலையின் வாசமும் சேர்ந்து வரும். காரம் மட்டும் இருக்காது.

புட்டியில் இருப்பது கலப்படம் அல்ல. நம் ஊரில் மட்டன் மசாலா என்று தனியாக விற்பதைப் போல, இங்கே சிலி பவுடர் என்பது 'சிலி' என்ற ஒரு கறிக்குழம்புக்கான மசாலா. டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற ஊரில் குடியேறிய வில்லியம் கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர் 1890களில் மெக்சிகோ மிளகாயைக் காயவைத்து, மற்ற மசாலாக்களோடு அரைத்துப் புட்டியில் விற்கத் தொடங்கினார். புது மிளகாய் வரும் பருவத்துக்குக் காத்திராமல் வருடம் முழுவதும் அந்தக் குழம்பை வைக்க முடிந்தது. அந்தக் கலவைதான் இன்றும் 'சிலி பவுடர்' என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளில் நிற்கிறது.

ஆக, இந்த நாட்டில் 'சிலி' என்ற ஒரே சொல் காயையும் குறிக்கும், மசாலாவையும் குறிக்கும், இறைச்சிக் குழம்பையும் குறிக்கும், இனிப்பான சாஸையும் குறிக்கும். எது எங்கே வரும் என்று தெரிந்துகொள்வது ருசிக்காக மட்டும் அல்ல. மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சாப்பிடாதவர்களுக்கும் சைவர்களுக்கும் ஹலால் பார்ப்பவர்களுக்கும் இது முக்கியமான விஷயம்.

தூள் வாங்கும்போது

புட்டியைத் திருப்பி, பின்னால் உள்ள பொருள் பட்டியலைப் பாருங்கள். சீரகம், உப்பு, பூண்டு, ஓரிகானோ என்று நீண்டால் அது குழம்பு மசாலா. சாதாரண அமெரிக்கக் கடையில் நம் மிளகாய்த்தூளுக்கு மிக அருகில் வருவது 'கயென் பெப்பர்' என்ற புட்டிதான். அதில் காய்ந்த மிளகாய் மட்டுமே இருக்கும், காரமும் உண்டு. 'பாப்ரிகா' நிறத்துக்கானது, காரம் அநேகமாக இருக்காது. அதிலேயே 'ஸ்மோக்டு' என்று போட்டிருந்தால் புகை மணம் வரும், ரசத்துக்கு ஆகாது. பீட்சாவோடு தரும் 'கிரஷ்டு ரெட் பெப்பர்' கொரகொரப்பாக இடித்த மிளகாய். உருளைக்கிழங்கு வறுவலுக்குத் தாராளமாகப் போடலாம்.

இந்தியக் கடைக்குப் போய்விட்டால் காஷ்மீரி, குண்டூர், பேடகி என்று பழகிய பெயர்களே இருக்கும். ஆனால் நான் புதிதாக வரும் எல்லோருக்கும் சொல்வது, மெக்சிகன் கடைக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள் என்பதுதான். மிளகாயை மனிதர்கள் முதன்முதலில் பயிரிட்டு வளர்த்த நிலம் மெக்சிகோ. அங்கிருந்து ஐரோப்பியர் கடல் வழியே எடுத்துச் சென்றதுதான் போர்ச்சுகீசியர் கையால் இந்தியாவுக்கு வந்து நம் அம்மியில் ஏறியது. அதற்கு முன் நம் சமையலில் காரம் என்றால் மிளகுதான். மெக்சிகன் கடையில் காய்ந்த மிளகாய் மட்டும் ஒரு சுவர் நீளத்துக்குத் தொங்கும், விலையும் பெரும்பாலும் குறைவு. 'குவாஹியோ' என்ற நீண்ட மிளகாய் பேடகியைப் போல நல்ல நிறமும் மிதமான காரமும் தரும். 'சிலே தே ஆர்போல்' மெலிந்து சிவந்து இருக்கும். தாளிப்புக்கும் தேங்காய்ச் சட்னிக்கும் நம் குண்டு மிளகாய் இல்லாத குறையைத் தீர்க்கும், காரமும் நன்றாக உண்டு. 'ஆன்ச்சோ' கருத்த, அகலமான மிளகாய். உலர்ந்த திராட்சை போன்ற இனிப்பு அதில் உண்டு. வத்தக்குழம்புக்கு அது பொருந்தாது, விட்டுவிடுங்கள்.

பச்சை மிளகாய்

'பெப்பர்' என்ற சொல்லும் இங்கே குழப்பும். மேசையில் உப்போடு இருந்தால் மிளகு. காய்கறிப் பகுதியில் இருந்தால் மிளகாய் வகை எதுவானாலும் பெப்பர்தான், குடைமிளகாய் உட்பட. கொலம்பஸின் காலத்தவர் மிளகைத் தேடிப் போய் மிளகாயைக் கண்டதால் வந்த குழப்பம் இது.

எல்லாக் கடையிலும் இருப்பது ஹாலபீனோ. பருமனாக, பளபளப்பாக இருக்கும். காரத்தை அளக்க 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியல் வல்லுநர் வகுத்த அளவில் இது ஏறத்தாழ 2,500 முதல் 8,000 வரை வரும். அதைவிடச் சற்று மெலிந்த செரானோ 10,000 முதல் 23,000 வரை. சட்னி, உப்புமா, அவியல் எல்லாவற்றுக்கும் நான் கைகாட்டுவது செரானோவைத்தான். 'தாய் சிலி' என்ற சின்னத் தாய்லாந்து மிளகாய் 50,000-ஐத் தாண்டும், நம் ஊசி மிளகாயைப் போல. இந்தியக் கடைகளில் நீளமான பச்சை மிளகாயையும் சில சமயம் இந்தப் பெயரிலேயே விற்பார்கள். பெயரை நம்பாமல் உருவத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஹபனேரோவிடம் மட்டும் கவனம் வேண்டும். ஆரஞ்சு நிறத்தில், குட்டிக் குடைமிளகாய் மாதிரி அழகாக இருக்கும். குழந்தைகள் ஆசையாக எடுத்து வண்டியில் போடுவார்கள். அதன் காரம் 1,00,000 முதல் 3,50,000 வரை. வெறுங்கையால் நறுக்கிவிட்டுக் கண்ணைத் தொட்டால், கான்டாக்ட் லென்ஸைத் தொட்டால், மிகவும் அவதிப்படுவீர்கள். மிளகாயின் காரப்பொருள் தண்ணீரில் கரையாது. சோப்புப் போட்டுக் கழுவினால்தான் போகும். வாய் எரிந்தால் தண்ணீருக்குப் பதில் பாலோ தயிரோ கொடுங்கள்.

பஜ்ஜிக்கு 'பனானா பெப்பர்' அல்லது 'அனஹைம்'. அதைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் பொப்லானோ. பொப்லானோவுக்குள் பாலாடைக்கட்டி வைத்து முட்டை மாவில் தோய்த்துப் பொரிப்பதைத்தான் மெக்சிகன் உணவகங்களில் 'சிலே ரெயேனோ' என்கிறார்கள். மிளகாய் பஜ்ஜி பிடித்தவர்களுக்கு அது பிடிக்கும். சில இடங்களில் உள்ளே இறைச்சி வைப்பார்கள் என்பதால் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மோர் மிளகாய் போட ஹாலபீனோ வேண்டாம். சதை தடிப்பு, வெயிலில் சரியாகக் காயாது. மெக்சிகோவில் அதைப் புகையில் காயவைத்து 'சிபோட்லே' ஆக்கியது அதனால்தான். தோல் மெல்லிய மிளகாயாக இந்தியக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். டெக்சாஸின் ஜூலை வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

'சிலி' என்ற உணவு

இதுதான் மிக முக்கியம். உணவகப் பட்டியலில் சூப் பகுதியில் 'சிலி' என்று மட்டும் எழுதியிருந்தால், வேறு சொல் எதுவும் இல்லாவிட்டால், அதில் மாட்டிறைச்சி இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பெயர் 'சிலி கான் கார்னே', இறைச்சியோடு மிளகாய். பேச்சில் பின்பாதி உதிர்ந்துவிட்டது. பெயரில் இறைச்சி இல்லாததால், காய்கறி உணவு என்று நினைத்து நம்மவர்கள் வாங்கிவிடுகிறார்கள். பார்வைக்கு ராஜ்மா போலவே இருப்பதால் சாப்பிடும்போதும் சந்தேகம் வராது.

இதன் தாய்வீடு டெக்சாஸ். 1880களிலிருந்து 1930கள் வரை சான் அன்டோனியோ நகரச் சதுக்கங்களில் மாலை நேரத்தில் மெக்சிகோ வழிவந்த பெண்கள் விளக்கை ஏற்றி, மேசை போட்டு இந்தக் குழம்பை விற்றார்கள். 'சிலி ராணிகள்' என்று பெயர். சுகாதார விதிகளைக் காட்டி நகராட்சி அவர்களை அகற்றியது. அந்த உழைப்பாளிப் பெண்களின் கைப்பக்குவத்தால் ஊர் ஊராகப் பரவிய உணவை 1977-இல் டெக்சாஸ் சட்டமன்றம் மாநில உணவாக அறிவித்தது. மேற்கு டெக்சாஸின் பாலைவனத்தில் டெர்லிங்குவா என்ற சிற்றூரில் 1967 முதல் சிலி சமையல் போட்டி நடந்துவருகிறது. டெக்சாஸ்காரர்களிடம் சிலியில் பீன்ஸ் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். கூடவே கூடாது என்பார்கள், போட்டி விதியும் அதுதான். மற்ற மாநிலங்களில் பீன்ஸ் இல்லாத சிலியைப் பார்ப்பதே அரிது.

ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு சிலி காத்திருக்கிறது. மாசிடோனியாவிலிருந்து வந்த சகோதரர்கள் 1922-இல் தொடங்கிய கடையிலிருந்து பரவியது. பட்டை மணக்கும் இறைச்சிக் குழம்பை ஸ்பகெட்டி மேல் ஊற்றி, துருவிய பாலாடைக்கட்டியைக் குவித்துத் தருவார்கள். 'த்ரீ வே' என்றால் இந்த மூன்றும். வெங்காயமோ பீன்ஸோ சேர்ந்தால் 'ஃபோர் வே', இரண்டும் சேர்ந்தால் 'ஃபைவ் வே'. காரம் தேடிப் போகாதீர்கள். அதிலும் இருப்பது மாட்டிறைச்சிதான்.

'டர்க்கி சிலி' வான்கோழி. 'வைட் சிலி' பெரும்பாலும் கோழியும் வெள்ளை பீன்ஸும். 'வெஜிடேரியன் சிலி' என்று தெளிவாக எழுதியிருந்தாலும், எந்தச் சாறில் வேகவைத்தார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மாட்டு எலும்புச் சாறு சேர்ப்பவர்கள் உண்டு. 'சிலி டாக்', 'சிலி ஃபிரைஸ்', 'சிலி மேக்', 'ஃப்ரிட்டோ பை' எல்லாமே வேறொன்றின் மேல் இதே குழம்பை ஊற்றியவை.

பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மதிய உணவின் மாதப் பட்டியலை இணையத்தில் போடுவார்கள், அதில் இவை அடிக்கடி வரும். உங்கள் பிள்ளை எதைச் சாப்பிடாது என்பதை வகுப்பு ஆசிரியரிடமும் உணவுக்கூடத்திலும் முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். அப்படிக் கேட்பது இங்கே வழக்கமான விஷயம், யாரும் தவறாக நினைப்பதில்லை. பிள்ளைக்கும் 'நோ பீஃப் ப்ளீஸ்' என்று சொல்லப் பழக்கிவிடுங்கள்.

குளிர்காலம் நெருங்கும்போது அலுவலகங்களில் 'சிலி குக்-ஆஃப்' நடக்கும். ஆளுக்கொரு பாத்திரம் கொண்டுவந்து, எல்லோரும் ருசித்து வாக்களிப்பார்கள். ஒதுங்கி நிற்காதீர்கள். ராஜ்மா, தக்காளி, குடைமிளகாய், குவாஹியோ மிளகாய் விழுது போட்டு ஒரு சைவச் சிலி செய்து கொண்டுபோங்கள். எதில் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். நம்மைப் போலவே காரணம் இருந்தும் கேட்கத் தயங்கும் இன்னும் சிலருக்கு அது உதவும்.

நியூ மெக்சிகோ

அங்கே இந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் 'ஐ' (i) எழுத்துக்குப் பதிலாக 'ஈ' (e) போட்டு எழுதுவார்கள். குழம்பு அல்ல, மிளகாயும் அதிலிருந்து செய்யும் சாறும்தான் பொருள். 1965 முதல் பின்டோ பீன்ஸோடு சேர்த்து அதுதான் மாநிலக் காய்கறி. எந்த உணவைக் கேட்டாலும் பரிமாறுபவர் 'ரெட் ஆர் கிரீன்?' என்பார். மேலே ஊற்றும் சாறு சிவப்பு மிளகாயா, பச்சை மிளகாயா என்ற கேள்வி. 1996-இல் அதையே மாநிலத்தின் அதிகாரபூர்வக் கேள்வியாக அறிவித்திருக்கிறார்கள். இரண்டும் வேண்டுமென்றால் 'கிறிஸ்மஸ்' என்று சொல்லுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் ஹேட்ச் பகுதி மிளகாய் அறுவடைக்கு வரும். அப்போது டெக்சாஸ் கடை வாசல்களில்கூட இரும்பு உருளையில் போட்டுச் சுட்டுத் தருவார்கள். தோலை உரித்துக் கத்தரிக்காய் கொத்சுவில் சேர்த்துப் பாருங்கள். பச்சைச் சாறிலும் 'சிலே வெர்தே' என்ற பச்சை மிளகாய்க் குழம்பிலும் பன்றி இறைச்சி போடுவது வழக்கம். அதையும் கேட்டுவிடுங்கள்.

புட்டிகள்

ஹைன்ஸ் 'சிலி சாஸ்' தக்காளிச் சாஸின் உறவு, இனிப்பும் புளிப்பும்தான். 'ஸ்வீட் சிலி சாஸ்' தாய்லாந்து வழி, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஸ்ரீராச்சா காரமானது. சேவல் படம் போட்டதை வியட்நாமிலிருந்து அகதியாக வந்த டேவிட் டிரான் 1980-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய நிறுவனம் தயாரிக்கிறது. சீனக் கடையின் 'சிலி கிரிஸ்ப்' எண்ணெயில் மொறுமொறுவென்று மிளகாய். நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் தீர்ந்த நாளில் தோசைக்குக் கைகொடுக்கும்.

வீட்டில்

மின்சார அடுப்பை அணைத்த பிறகும் வட்டு சூடாகவே இருக்கும். தாளிப்பில் மிளகாய் நிறம் மாறியதும் கரண்டியை அடுப்பிலிருந்தே எடுத்துவிடுங்கள். பல அபார்ட்மெண்டுகளில் அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே தள்ளாது, வடிகட்டி மறுபடி உள்ளேயே விடும். மிளகாய் வறுக்கும் முன் சன்னலைத் திறந்துவையுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக வறுங்கள், படுக்கையறைக் கதவைச் சாத்துங்கள். புகை எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். அது உங்கள் உயிருக்கான காவல்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போது அரைத்த தூளையும் காய்ந்த மிளகாயையும் சுத்தமாகப் பொட்டலம் கட்டி, மேலே பெயர் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். சுங்கப் பரிசோதனையில் உணவுப்பொருள் இருக்கிறதா என்று கேட்டால் 'ஆம்' என்று சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் உலர்ந்த மசாலாவைப் பொதுவாக விட்டுவிடுவார்கள், விடாவிட்டாலும் பொருள்தான் போகும். மறைத்தால் அபராதம். பச்சை மிளகாய், கறிவேப்பிலை, விதைக்க எடுத்துவைத்த மிளகாய் விதை மூன்றும் பெட்டியில் வேண்டாம்.