பி.டி. மாஸ்டர்களுக்குப் பயிற்சி நாள்: எங்கெல்லாம் கோட்டை விடுகிறோம்

உடற்கல்வி ஆசிரியர்களையும் பள்ளி கவுன்சிலர்களையும் ஒரே நாளில் பயிற்சிக்கு அழைப்பது நல்ல யோசனைதான். ஆனால் குத்துவிளக்கு ஏற்றி முடித்ததுமே பி.டி. மாஸ்டர்களை மைதானத்துக்கும் கவுன்சிலர்களை ஏசி அறைக்கும் பிரித்து அனுப்பிவிடுகிறார்கள். அப்புறம் இரு தரப்பும் சந்திப்பது மதியச் சாப்பாட்டு வரிசையில்தான். இதற்கு எதற்கு ஒரே நாளில் கூப்பிட வேண்டும்?

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒவ்வொரு பி.டி. பீரியடிலும் "வயித்து வலி சார்" என்று மரத்தடியில் உட்கார்ந்துவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் சாப்பிடாமல் வந்திருக்கலாம். மாதவிடாய் நாளில் நாப்கின் மாற்றப் பள்ளிக் கழிப்பறை லாயக்கில்லாமல் இருக்கலாம். உடம்பைப் பற்றி யாரோ கேலி செய்திருக்கலாம், வீட்டில் வேறு ஏதாவது நடந்திருக்கலாம். மாஸ்டர் கண்ணில் அவள் தினமும் படுகிறாள், ஆனால் சோம்பேறித்தனம் என்று விட்டுவிடுகிறார். பேசத் தெரிந்த கவுன்சிலர் கண்ணிலோ அவள் படுவதே இல்லை. ஒரே பள்ளியைச் சேர்ந்த இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து இந்த ஒரு பிரச்சினையைக் கொடுங்கள். யார் பேசுவது, எங்கே வைத்துப் பேசுவது, பெற்றோரிடம் எப்போது சொல்வது என்று அவர்களே முடிவெடுக்கட்டும். இதற்கு ஒரு மணி நேரம் தாராளமாக ஒதுக்கலாம்.

அந்தப் பேச்சில் "முதலில் நாமே விசாரித்து உறுதி செய்துகொள்வோம்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். பாலியல் துன்புறுத்தல் சந்தேகம் என்றால் அது பெரிய தவறு. 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, அப்படி நடந்ததாகத் தெரிந்தால் காவல்துறைக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். மறைத்தால் அதுவே குற்றம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று குழந்தைக்குச் சத்தியம் செய்வதும் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ எல்லோர் கைப்பேசியிலும் அன்றே பதியச் சொல்லுங்கள்.

தேதி விஷயத்திலும் சறுக்குகிறோம். மே மாதம் எல்லோரும் சும்மா இருப்பார்கள் என்று கத்திரி வெயிலில் பதினொரு மணிக்கு டிரில் வைப்பது சென்னைக்கு ஆகாது. இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்புச் சூடும் இறங்காது. பள்ளிகளுக்கிடையே குறுவட்ட விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் வாரங்களில் வைத்தால் மாஸ்டர்களே வரமாட்டார்கள். அக்டோபருக்கு மேல் மழை. என்னைக் கேட்டால், ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மைதான வேலையைக் காலை எட்டரைக்குள் முடித்துவிடலாம்.

வெயிலில் மயங்கும் பிள்ளைக்கு என்ன செய்வது என்பதைப் பாடமாகவே வையுங்கள். நிழலில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளை உளறினாலோ தள்ளாடினாலோ அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். நினைவு சரியில்லாதபோது வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதயம் நின்றவரின் நெஞ்சை அழுத்தும் சி.பி.ஆர். முதலுதவிப் பயிற்சியைத் திரையில் படம் காட்டி முடிப்பதும் வீண். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குழந்தைகளுக்குச் சுமார் 5 செ.மீ. ஆழம் என்பது கை வைத்துப் பொம்மையை அழுத்திப் பார்த்தால்தான் புரியும்.

தாமதமாக வந்தவரை "ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வாங்க சார்" என்று பயிற்சியாளரே கலாய்ப்பதும் வேண்டாம். ஓட்டத்தைத் தண்டனையாக்கும் பழக்கத்தை மறக்கத்தானே அழைத்தோம்? பள்ளியில் உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு ஏற்கெனவே தடை செய்திருக்கிறது.

சிறப்பு விருந்தினர், ஹாரி குரோ பக் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஊர் இது என்று பெருமையாக ஆரம்பிப்பார். ஆரம்பிக்கட்டும், ஐந்து நிமிடத்தில் மைக்கை வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, தலைமையாசிரியர்களை அழைக்காமல் விடுவது. பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பள்ளிகளிலோ அரையாண்டு நெருங்கினால் பத்தாம் வகுப்பு பி.டி. பீரியட் கணக்கு டீச்சர் கைக்குப் போய்விடுகிறது. மாஸ்டர் கற்றுக்கொண்டு போய் யாருக்குச் சொல்லித்தருவார்? கடைசி முக்கால் மணி நேரத்துக்காவது தலைமையாசிரியர்களை வரவழைத்து, கால அட்டவணையில் அந்தப் பீரியடைத் தொடமாட்டோம் என்று அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.