பிறப்புப் பதிவு கிடைக்கவில்லையா? இறப்பைத் தேடுங்கள்

ஸ்காட்லாந்து மூதாதை ஒருவரின் பிறப்புப் பதிவு எங்கே தேடியும் சிக்கவில்லை என்றால், அதைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு அவருடைய இறப்புப் பதிவைத் தேடிப் பாருங்கள். அங்கே அரசுப் பதிவு கட்டாயமானது 1855 ஜனவரி 1 முதல்தான். ஆனால் 1780-இல் பிறந்த ஒரு பாட்டி 1856 வரை உயிரோடு இருந்திருந்தால், அவருடைய இறப்புப் பதிவிலேயே அப்பா பெயர், அம்மா பெயர், அம்மா பிறந்த வீட்டின் குடும்பப் பெயர் எல்லாம் வந்துவிடும். அக்கால இங்கிலாந்துப் பதிவில் இவ்வளவு கிடைக்காது.

தகவல் கொடுத்தவர் யார் என்பதையும் அதே பக்கத்தில் பாருங்கள். மகன் சொல்லியிருந்தால் ஓரளவு நம்பலாம். பக்கத்து வீட்டுக்காரர் என்றால், இறந்தவரின் அப்பா அம்மா பெயரில் குளறுபடி இருக்க நிறைய வாய்ப்புண்டு.

தேடுவதற்கு, ஸ்காட்லாந்தின் பழைய பதிவுகள் உள்ள ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் (ScotlandsPeople) இணையதளம் போதும். மூலப் பக்கத்தின் படத்துக்குத்தான் காசு. மெக், மேக் என்று தொடங்கும் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதினார்கள். அதனால் சந்தேகமான எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி (*) போடுங்கள். மணமான பெண்களைப் பிறந்த வீட்டுப் பெயரிலும் தேடுங்கள்.

அப்புறம், 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வயது பொருந்தவில்லை என்று ஆளைத் தள்ளிவிடாதீர்கள். பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதுவதே அப்போதைய விதி. 34 வயதுக்காரர் அதில் 30-தான்.