கோபாட் செல் போடும்போது செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்கூட ஆகாத இரண்டு பையன்கள், தாங்கள் போடப்போகும் கோபாட் செல்லின், அதாவது ரோபோவும் ஆளும் பக்கத்தில் நின்று சேர்ந்து வேலை செய்யும் இடத்தின், லேஅவுட்டை ஆர்வமாக விரித்துக் காட்டினார்கள். மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் ‘சைக்கிள் டைம் 16 விநாடி’; ஒரு சுற்று வேலை முடிய ஆகும் நேரம். யாருக்கு எங்கே அடிபடலாம் என்று முன்கூட்டியே கணிக்கும் ரிஸ்க் அசெஸ்மென்ட் எங்கே என்று கேட்டேன். “ரோபோ வந்ததும் பண்ணிடலாம் சார்” என்றார்கள். ஏழு வருடம் முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

எமர்ஜென்சி பட்டன் கைக்கு எட்ட வேண்டும், வயர் காலில் தட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சைக்கிள் டைமை முதலில் முடிவு செய்வது

என் முதல் செல்லில் வேலை எளிது. பிரஸ்ஸில் அடித்து வந்த தகட்டு பிராக்கெட்டை ரோபோ எடுத்து, பொருளை அசையாமல் பிடிக்கும் பிக்ஸ்சரில் வைக்கும். எதிரே நிற்கும் அக்கா இரண்டு போல்ட் முடுக்குவார். கேட்லாக்கில் இருந்த விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். 18 விநாடி வந்தது. கோபாட்தானே, இடித்தால் நின்றுவிடும், வேலி வேண்டாம் என்று மேலாளரிடமும் சொன்னேன். ஆர்டர் போய்விட்டது.

ரோபோ வந்த பிறகுதான் கோபாட் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான ஐஎஸ்ஓ/டிஎஸ் 15066-ஐ ஒழுங்காகப் படித்தேன். 2016-இல் வந்த இந்த ஆவணம் உடம்பின் ஒவ்வொரு பகுதிக்கும் விசை வரம்பு சொல்கிறது. இடையில் மாட்டி நசுங்கினால் கைவிரலுக்கு 140 நியூட்டன், முகத்துக்கு 65 மட்டுமே. அழுத்தத்துக்குத் தனி வரம்பு. அங்கேதான் மாட்டினேன். ரோபோவின் கை வழவழவென்று உருண்டையாக இருந்தது, சரி. அது பிடித்திருந்த பிராக்கெட்டின் ஓரத்திலோ பிசிறு. நகத்தால் தடவினால் மாட்டும். அதே விசையை அந்த மெல்லிய ஓரம் விரலில் இறக்கினால் அழுத்தம் பல மடங்கு.

வேகத்தை விநாடிக்கு 250 மி.மீ.க்கு இறக்கினோம். 18 விநாடி 31 ஆனது. உற்பத்திப் பக்கமிருந்து நெருக்கடி. ஒரு நாள் இரவு ஷிப்டில் யாரோ பாதுகாப்பு செட்டிங்கைத் தளர்த்தி வேகத்தைக் கூட்டிவிட்டார்கள். காலையில் போய்ப் பார்க்கிறேன்: ரோபோ கை வரும் ஒவ்வொரு முறையும் அந்த அக்கா தோளைப் பின்னுக்கு இழுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, போல்ட்டைப் பார்க்காமலே முடுக்குகிறார். கேட்டால், “பழகிடுச்சு சார்” என்றார். ஒரு மனுஷி அதற்குப் பழகும்படி நான் செய்திருந்தேன். இன்னொருவர் அதே படத்தை வரைவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கடைசியில் பிக்ஸ்சரைச் சுழல் மேசையில் ஏற்றினோம். அக்கா ஒரு பக்கம், ரோபோ மறுபக்கம், நடுவே லேசர் ஸ்கேனர். ஆள் தள்ளி இருந்தால் முழு வேகம், நெருங்கினால் மெதுவாக, இன்னும் நெருங்கினால் நின்றுவிடும். ஆனால் இதற்கு இடம் வேண்டும். நடந்து வரும் ஆளின் வேகத்தை விநாடிக்கு 1.6 மீட்டர் என்று எடுத்துக்கொள்வார்கள். ரோபோ நிற்க அரை விநாடி ஆனால், அதற்குள் ஆள் 80 செ.மீ. உள்ளே வந்திருப்பார். ரோபோ நகரும் தூரம், சென்சாருக்கான கூடுதல் இதெல்லாம் அதற்கு மேல். லைனில் அந்த இடம் இல்லை. பக்கத்து மெஷினை நகர்த்த வேண்டியதாயிற்று. மொத்தச் செலவு ரோபோ விலையில் பாதியைத் தாண்டியது.

அந்தப் பையன்களிடம் சொன்னது இதுதான்: எந்த இடத்தில் கை வரும், எங்கே முகம் வரும், எந்த ஓரம் படும் என்று முதலில் எழுதுங்கள். அதிலிருந்து வேகம், வேகத்திலிருந்து சைக்கிள் டைம், அப்புறம் ஆர்டர். 2025-இல் புதுப்பிக்கப்பட்ட ரோபோ பாதுகாப்புத் தரநிலை ஐஎஸ்ஓ 10218, ‘கூட்டு ரோபோ’ (கோபாட்) என்ற பெயரையே விட்டுவிட்டு, கூட்டுப் பயன்பாடு என்று பேசுகிறது. ரோபோ பொருளைப் பிடிக்கும் கிரிப்பர், பொருள், நிற்கும் ஆள் எல்லாம் சேர்ந்ததுதான் பயன்பாடு.

ஆபரேட்டரைக் கடைசியில் கூப்பிடுவது

லேஅவுட் வரையும் அன்றே கூப்பிடுங்கள். எந்தப் பக்கம் குனிவார், தட்டை எங்கே வைப்பார், எந்தக் கையால் எடுப்பார் என்பது அவருக்குத்தான் தெரியும். எங்கள் தட்டு நான்கு அங்குலம் கூடுதல் உயரத்தில் இருக்கிறது என்று அக்கா சொன்னது மூன்றாவது மாதம். அதுவரை யாரும் கேட்கவில்லை.

பாதுகாப்பு பாஸ்வேர்டை ஷிப்டுக்கெல்லாம் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

பொருள் மாறினாலும் பழைய அசெஸ்மென்ட்டையே வைத்திருப்பது

பிராக்கெட் மாறினால், கிரிப்பர் மாறினால், மறுபடி அளக்க வேண்டும்.