எலும்புப் புற்று நுரையீரலுக்குப் பரவியதா என்று பார்ப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வளரும் பிள்ளைகளின் முழங்கால் பக்கம் அதிகம் வரும் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்று, பரவினால் பெரும்பாலும் முதலில் போவது நுரையீரலுக்குத்தான். நோய் தெரியவரும்போதே நூற்றில் 15 முதல் 20 பேருக்கு அங்கே கட்டி இருக்கும். சிறிதாக, எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்போதே பிடித்தால் அறுத்து எடுத்துவிட வழி உண்டு. அதனால்தான் ஸ்கேனில் கோட்டை விடக்கூடாது.

“எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தமாக இருக்கு” என்ற பேச்சை நம்பி ஊட்டியிலேயே நின்றுவிடாதீர்கள். சில மில்லிமீட்டர் கட்டி இதயத்துக்கும் விலா எலும்புக்கும் பின்னால் ஒளிந்துகொள்ளும். இருமல்கூட வராது. நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் வேண்டும், அதுவும் ஒரு மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய வெட்டுகளாக.

எப்போது எடுப்பது? மயக்கம் கொடுத்துப் பயாப்ஸி (கட்டியில் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்வதற்கு முன்பே. மயக்கத்துக்குப் பிறகு நுரையீரலின் அடிப்பகுதி கொஞ்சம் சுருங்கிக் கிடக்கும்; அந்த நிழலில் கட்டி மறையும், இல்லாதது இருப்பது போலவும் தெரியும்.

குன்னூர் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தபடி கோவைக்கு இறங்கிய பிள்ளையை நேரே ஸ்கேன் மேசையில் படுக்க வைப்பதும் தவறுதான். மூச்சை முழுக்க இழுத்துச் சில விநாடி அடக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கிவிடும். அரைமணி உட்காரவைத்து, “நல்லா இழு, புடி, இப்ப விடு” என்று நாலு தடவை பழக்குங்கள். டெக்னீஷியன் அவசரப்பட்டால் படட்டும்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு சுண்ணாம்புப் புள்ளியில் நடப்பது. நம் ஊரில் நுரையீரலில் கெட்டியான வெள்ளைப் புள்ளி என்றால் ஆறிப்போன பழைய டிபி தழும்பு என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஆஸ்டியோசர்கோமா எலும்பையே உண்டாக்கும் புற்று. அதன் குட்டிக் கட்டியும் அப்படியே வெள்ளையாக, கெட்டியாகத் தெரியலாம். உல்டாவாக, டிபி புள்ளியைப் பரவல் என்று சொல்லிவிடுவதும் உண்டு. ஆகவே ஸ்கேன் சீட்டில் “எலும்புப் புற்று நோயாளி” என்று எழுதியிருக்கிறதா, பார்த்து வாங்குங்கள். வெறும் “நெஞ்சு ஸ்கேன்” என்றால், படிக்கும் டாக்டருக்கு எதைத் தேடுவது என்று தெரியாது.

புற்று இருக்கும் இடத்தை ஒளிரவைத்துக் காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்தாயிற்றே என்று சி.டி.யை விடவேண்டாம். 8 மில்லிமீட்டருக்கும் சிறியவை பெட்டில் பெரும்பாலும் ஒளிராது.

ரிப்போர்ட் தாளோடு மட்டும் அடுத்த முறை போகாதீர்கள். புள்ளி வளர்ந்ததா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். டிஸ்க்கை அன்றே கேட்டு வாங்கி, பென் டிரைவில் ஒரு நகலும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிலிமை மட்டும் நம்பினால், ஆடி மாதச் சாரலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.